பல்வரிசைக்கு இலக்கணம் வகுத்தவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. பல் போகாமல் முப்பத்திரண்டும் இருந்தும், அவை நின்ற இடம் சரியில்லாத காரணத்தால் சொல்லைக் குறைத்துச் சிரிப்பை அடக்கி, புகைப்படம் எடுக்கும் நேரத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பவர்கள் எத்தனை பேர்! நம் புலவர்கள் பல்லை முத்து என்றார்கள்; முல்லை அரும்பு என்றார்கள். எத்துப்பல்லையும் தெத்துப்பல்லையும் பாட முன்வந்த புலவர் அரிது. அந்தக் குறையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டப்பெயர் சூட்டித் தீர்த்துவைத்தார்கள்.

இன்று நம் கல்லூரியிலேயே வகுப்புக்கு ஒருவர் இருவர் பல்லில் கம்பி கட்டிக்கொண்டு வருகிறார்கள். கிளிப் என்கிறோம், கம்பி என்கிறோம். அந்தக் கம்பி ஏன் அப்படி வளைந்திருக்கிறது, எலும்பில் வேரூன்றிய பல் ஒரு மெல்லிய கம்பிக்குப் பணிந்து எப்படி நகர்கிறது, இதையெல்லாம் முதன்முதலில் ஒழுங்குபட எண்ணிப் பார்த்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அவர் எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள் என்னும் அமெரிக்கர். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் கோணம் என்று பொருள். கோணல் பல்லை நிமிர்த்த வந்தவருக்குக் கோணம் என்று பெயர் வாய்த்தது வேடிக்கையன்றோ!

1855ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் மாவட்டத்தைச் சேர்ந்த ஹெரிக் என்னும் ஊரில், ஓர் உழவர் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார் ஆங்கிள். ஏட்டுக் கல்வியைவிடக் கருவிகளில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். அக்காலத்தில் பல் மருத்துவம் பாதி கைத்தொழில். முதலில் ஒரு பல் மருத்துவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து வேலை பழகிய பிறகுதான் கல்லூரிக்குப் போவார்கள். ஆங்கிளும் அப்படியே பழகி, பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பல் அறுவை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1878இல் பட்டம் பெற்றார். டொவாண்டா என்னும் சிற்றூரில் தொழில் தொடங்கினார்.

தொழில் நிலைபெறுவதற்குள் உடல் கெட்டது. நுரையீரல் நோய். குளிர்ந்த, உலர்ந்த காற்றைத் தேடி மேற்கே மினியாபொலிஸ் நகருக்குப் போனார். அங்கிருந்து மொன்டானாவுக்குச் சென்று ஆட்டுப் பண்ணை வைத்தார். ஆம், பல் இயல் நிமிர்த்தல் கலையின் தந்தை என்று உலகம் பின்னாளில் போற்றிய மனிதர், 1880களின் தொடக்கத்தில் ஆடு வளர்த்துப் பிழைக்க முயன்றவர்தாம். ஒரு கொடும் பனிக்காலம் வந்து மந்தையைக் கொண்டுபோய்விட்டது. கையில் ஒன்றுமின்றி மறுபடியும் மினியாபொலிஸுக்கு வந்து பல் மருத்துவத்தைத் தொடர்ந்தார். அந்தப் பனி பெய்யாதிருந்தால் நாம் இன்று இவரைப் பற்றிப் பேச நேர்ந்திராது.

அவர் வந்து சேர்ந்த துறையின் நிலை என்ன? கோணல் பல்லை நேராக்கும் ஆசை மனிதனுக்குப் பழையது. பிரான்சு நாட்டுப் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், குதிரை லாட வடிவில் ஓர் உலோகப் பட்டையைப் பற்களோடு நூலால் இழுத்துக் கட்டும் முறையைச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளில் பட்டைகளும் திருகுகளும் பெருகின. இலக்கணம் மட்டும் பிறக்கவில்லை. நோயாளி வந்தால் மருத்துவர் தம் மனத்துக்குத் தோன்றிய கருவியைத் தாமே செய்வார். துருத்திய பல்லை உள்ளே தள்ளுவார்; இடமில்லையென்றால் ஒரு பல்லைப் பிடுங்குவார். எது சரியான வரிசை என்பதற்கே அளவுகோல் கிடையாது. யாப்பு அறியாதவர் வெண்பா திருத்துவது போன்ற வேலை!

1886இல் மின்னசோட்டாவில் ஆங்கிளுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு வாஷிங்டனில் நடந்த ஒன்பதாவது சர்வதேச மருத்துவ மாநாட்டில், பற்களை ஒழுங்குபடுத்தவும் ஒழுங்குபடுத்தியதை நிலைநிறுத்தவும் தாம் வகுத்த புதிய முறையைப் படித்தார். முப்பத்திரண்டு வயது இளைஞர், மேற்குக் கோடியிலிருந்து வந்தவர், மூத்தோர் அவையில் எல்லாருக்கும் பொதுவான ஆயத்தக் கருவிகள் போதும் என்றால் யார் பொறுப்பார்கள்? எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது.

எதிர்ப்புகளில் ஒன்று எனக்கு மிகவும் சுவையானது. ஆங்கிள் தம் கருவிகளைத் தங்கத்தால் செய்யாமல் ஜெர்மன் சில்வரால் செய்தார். நம் பாத்திரக் கடைகளில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பெயரில் வெள்ளி உண்டு. உள்ளே குன்றிமணி எடைகூட வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றின் கலவை அது. ஃபாரர் என்னும் மூத்த மருத்துவர், இது வாயில் கறுத்துப் போகும், தங்கமே தகுந்தது என்று சாடினார். கறுப்பது உண்மைதான். ஆனால் ஆங்கிள் கண்டது வேறு. கலவையின் அளவை மாற்றியும், அடித்தும் இழுத்தும் பதப்படுத்தியும், அந்த ஒரே உலோகத்திலிருந்து விறைப்பான திருகும், துள்ளும் கம்பியும், பல்லைச் சுற்றி மடங்கும் மெல்லிய பட்டையும் அவர் எடுத்தார்.

நான் பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. கம்பி இழுக்கும் அச்சில் தங்கக் கம்பியைப் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றி இழுக்கும்போது அது விறைத்துப் போவதையும், உமி நெருப்பில் காட்டியதும் மறுபடி இளகுவதையும் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். முதலாண்டில் மீட்சியியல் பாடம் நடந்தபோது, யங் குணகம், மீட்சி எல்லை என்ற பெயர்களுக்குப் பின்னால் என் தந்தையாரின் பட்டறை தெரிந்தது. ஆங்கிளின் வரலாற்றைப் படிக்கையிலும் அதுவே தெரிகிறது. அவர் பல்லை மட்டும் அறிந்த மருத்துவர் அல்லர். உலோகத்தின் குணம் அறிந்த கம்மியர். ஆய்வுக்கூடத்தில் கற்பதும் பட்டறையில் கற்பதும் இரண்டு சாதி அறிவு என்று நினைப்பவர்கள் இவரைப் படிக்க வேண்டும்.

1892இல் அவர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். பல் பிடுங்குவது, ஓட்டை அடைப்பது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இனிப் பல்வரிசையைச் சீராக்குவது ஒன்றே தம் தொழில் என்றார். இந்தத் துறையைத் தனித்தொழிலாகக் கொண்ட முதல் மருத்துவர் என அவரைக் குறிப்பிடுவது இதனால்தான். பின்னர் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறினார். அங்கிருந்துதான் 1899இல் அவருடைய வகைப்பாடு வெளிவந்தது. நூற்றாண்டுக்கு மேலாகியும் உலகின் எந்த மூலையில் பல் மருத்துவ மாணவர் படித்தாலும் மனப்பாடம் செய்தாக வேண்டிய பாடம் அது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

நம் எல்லாருக்கும் ஆறு வயதை ஒட்டிக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கிறது. அதுவே முதல் நிலைக் கடைவாய்ப்பல். எந்தப் பால்பல்லும் விழாமல், ஓசையின்றி முளைப்பதால் வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. விழுந்த பால்பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியத் தெரிந்த நமக்கு, விழாமல் வந்த இந்தப் பல் இன்னொரு பால்பல் என்றே எண்ணம். சொத்தையானாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறோம். அது முளைக்காது, வாழ்நாள் முழுமைக்கும் ஒரே ஒருமுறை வரும் பல் அது. ஆங்கிள் இந்தப் பல்லையே தம் இலக்கணத்தின் திறவுகோலாகக் கொண்டார்.

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் கன்னப் பக்கமாக இரண்டு முகடுகள் இருக்கும். கீழ்ப்பல்லில் கன்னப் பக்கமாக ஒரு பள்ளம் ஓடும். வாயை மூடிக் கடிக்கும்போது மேல்பல்லின் முன்முகடு கீழ்ப்பல்லின் அந்தப் பள்ளத்தில் வந்து அமர வேண்டும். அமர்ந்து, மற்றப் பற்களும் ஒரு சீரான வளைவில் நின்றால் அது இயல்பான கடி. கடைவாய்ப்பல் சரியாக அமர்ந்தும் முன்னே உள்ள பற்கள் நெருங்கியோ திரும்பியோ நின்றால் முதல் வகைக் கோணல். கீழ்ப்பல் பின்தங்கி நின்றால் இரண்டாம் வகை. நாம் எத்துப்பல் என்பதில் பெரும்பகுதி இதில் அடங்கும். கீழ்ப்பல் முந்தி நின்றால் மூன்றாம் வகை. கீழ்வரிசை மேல்வரிசைக்கு வெளியே வந்து முகவாய் நீண்டு தெரியும். எவ்வளவு எளிமை! முகவாயை வைத்தோ முன்பல்லை வைத்தோ பெயரிட்டுக் கொண்டிருந்த குழப்பத்தில், ஒரே ஒரு மேடும் பள்ளமும் போதும் என்றார் ஆங்கிள்.

குறையில்லாத இலக்கணம் அன்று அது. முன்பின்னாக நகர்வதை மட்டும் அது பார்க்கிறது. மேல்கீழையும் அகலத்தையும் பார்ப்பதில்லை. குறை பல்லிலா, தாடை எலும்பிலா என்று பிரித்தறிய அவரிடம் வழியும் இல்லை. தலையை அசையாமல் பொருத்தி எக்ஸ்ரே எடுத்து மண்டையோட்டை அளக்கும் முறை 1931இல்தான், அவர் மறைந்த மறு ஆண்டில்தான் வந்தது. இருந்தும் அவர் வகுத்த மூன்று வகைகளை உலகம் கைவிடவில்லை.

இனிப் பல் எப்படி நகர்கிறது என்பது. பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அப்படியன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்த்திசு இருக்கிறது. அந்த நார்களில்தான் பல் தொங்குகிறது. ஊஞ்சற்பலகை கயிற்றில் தொங்குவது போல. பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தொடர்ந்து தள்ளினால், தள்ளும் திசையில் நார் நசுங்குகிறது; எதிர்த்திசையில் நார் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் கூடி எலும்பை அரிக்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பை ஆக்கும் செல்கள் கூடிப் புதிய எலும்பை இடுகின்றன. முன்னால் குழி தோண்டப்படுகிறது. பின்னால் குழி தூர்க்கப்படுகிறது. நடுவே பல் நகர்கிறது. சுவீடன் நாட்டு சாண்ட்ஸ்டெட் என்பவர் 1904–05ஆம் ஆண்டுகளில் நாய்களின் பற்களில் சோதித்து, நுண்ணோக்கியின் கீழ் இதைக் காட்டினார்.

வேகம்? மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விசை? பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் எடைக்குச் சமமான விசை போதும். வேரோடு நிலைபெயர்க்க 70 முதல் 120 கிராம் வேண்டும். அவசரப்பட்டு அதிகம் அழுத்தினால் பல் விரைந்து வரும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. அழுத்தம் மிகுந்தால் நாரில் ஓடும் குருதி நின்று, திசு அங்கே உயிரற்றுப் போகிறது. எலும்பை அரிக்க வேண்டிய செல்கள் அந்த இடத்தை நெருங்க முடிவதில்லை. பல் நின்றுவிடுகிறது, வலிதான் மிச்சம்.

சாய்ப்பதற்கும் பெயர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஆங்கிளின் பிற்கால வாழ்வு முழுவதும் கழிந்தது. நமக்குத் தெரிந்த இயற்பியல்தான். பல்லின் வெளியே தெரியும் முடியைத்தான் நாம் தொட முடியும். அதன் எதிர்ப்பு மையமோ எலும்புக்குள் வேரில் இருக்கிறது. மையத்தை விட்டு விலகித் தள்ளினால் பொருள் சாயும். மண்ணில் பாதி புதைந்த கம்பத்தின் உச்சியைத் தள்ளிப் பாருங்கள். கம்பம் பெயராது, சாயும். சாயாமல் நேராக நகர வேண்டுமானால் விசையோடு ஒரு திருப்பு விசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வழுவழுப்பான ஒரு பல்லின் முகத்தில் திருப்பு விசையை எப்படிக் கொடுப்பது?

அவருடைய முதல் கருவி, கடைவாய்ப்பற்களில் பட்டை பொருத்தி, ஒரு தடித்த வளைவைப் பல்வரிசைக்கு வெளியே நிறுத்தி, ஒவ்வொரு பல்லையும் அதோடு கட்டி இழுப்பது. வரிசை விரியும், ஆனால் பற்கள் சாய்ந்தே வரும். 1910ஐ ஒட்டி ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு குழலைப் பற்றவைத்து, வளைவில் பற்றவைத்த ஊசிகளை அதில் செருகும் முறையைக் கண்டார். பல் கொஞ்சம் நகர்ந்ததும் ஊசிகளை எடுத்து வேறு இடத்தில் மறுபடி பற்றவைக்க வேண்டும்! பற்றவைக்கும் வேலை எத்தகையது என்று அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நோயாளியை நாற்காலியில் அமர்த்திவிட்டு மாதந்தோறும் இதைச் செய்வது மனிதரால் ஆகிற காரியமன்று. 1916இல் நாடா போன்ற தட்டைக் கம்பி வந்தது. திரும்பி நின்ற பல் இதனால் எளிதாக நேரானது. வேர் மட்டும் வசப்படவில்லை.

1925இல், தம் எழுபதாவது வயதில், ஆங்கிள் தம் கடைசிக் கருவியை வெளியிட்டார். தட்டைக் கம்பியை அப்படியே திருப்பி, அதன் விளிம்பு பல்லை நோக்குமாறு வைத்தார், அவ்வளவுதான். பல்லின் முகத்தில் ஒரு சிறு பிடிப்பான். அதில் கிடைமட்டமாக வெட்டிய செவ்வகக் காடி. உயரம் 0.022 அங்குலம், ஆழம் 0.028 அங்குலம், மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.56, 0.71. அதே அளவில் ஒரு செவ்வகக் கம்பி. உருண்டைக் கம்பி உருண்டைத் துளையில் சும்மா சுழலும். செவ்வகக் கம்பி செவ்வகக் காடியில் சுழல முடியாது. ஆகவே கம்பியை முறுக்கிப் பொருத்தினால், அது தன் நிலைக்குத் திரும்பும் முயற்சியில் காடியையும், காடியோடு பல்லையும், பல்லோடு வேரையும் திருப்பும். திருப்பு விசை கிடைத்துவிட்டது! முன்பின், மேல்கீழ், சுழற்சி, வேரின் சாய்வு அனைத்தையும் ஒரே கம்பியால் ஆளும் வழி பிறந்தது.

இதற்கிடையே அவர் ஆசிரியராகவும் வாழ்ந்தார். பல் மருத்துவக் கல்லூரிகள் இத்துறைக்குத் தனியிடம் தர மறுத்ததால், 1900இல் செயின்ட் லூயிஸில் தாமே பள்ளி தொடங்கினார். சில வாரப் பயிற்சி. விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்கள். அவர்களைக் கொண்டே அமெரிக்கப் பல்வரிசை மருத்துவர் சங்கத்தை நிறுவி முதல் தலைவரானார். அவருடைய செயலராக வந்த அன்னா ஹாப்கின்ஸ் என்னும் அம்மையார் பின்னர் அயோவாவில் பல் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். 1908இல் அவரை ஆங்கிள் மணந்தார். அவருடைய எழுத்தைத் திருத்தியதும், பள்ளியை நடத்தியதும், கோபத்தைத் தணித்ததும் அந்த அம்மையாரே. வரலாறு எழுதுவோர் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கும் அதற்குமேல் எழுதச் செய்திகள் கிடைக்காதது வருத்தமே.

கோபம் என்றேன். அது அவருடைய பெருங்குறை. மாற்றுக் கருத்தைப் பொறுக்க அவரால் முடியவில்லை. தாம் நிறுவிய சங்கத்தோடே பிணங்கினார். டூவி போன்ற சிறந்த மாணவர்கள் பகைவரானார்கள். பிணக்குகளில் பெரியது பல் பிடுங்கும் பிணக்கு.

இறைவன் முப்பத்திரண்டு பல் கொடுத்திருக்கிறான். அத்தனையும் அதனதன் இடத்தில் நின்றால்தான் முகம் அழகு பெறும் என்பது ஆங்கிளின் உறுதி. பற்களைச் சரியான இடத்தில் நிறுத்தி மெல்ல வைத்தால், அவற்றைத் தாங்கும் எலும்பு தானே வளர்ந்து இடம் கொடுக்கும் என்று நம்பினார். தொடக்கத்தில் அவரே பல் எடுப்பதை ஏற்றவர். 1907இல் வெளிவந்த தம் நூலின் ஏழாம் பதிப்பில் அதை முற்றிலும் விலக்கிவிட்டார். கால்வின் கேஸ் என்னும் மருத்துவர், எல்லா முகத்துக்கும் முப்பத்திரண்டு பல் பொருந்தாது, சிலருக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றார். 1911இல் இதுபற்றிப் பெரும் வாதம் நடந்தது. அவையில் வென்றது ஆங்கிளின் கட்சி.

இந்த வாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. என் தங்கைக்கு மேல்வரிசையில் கோரைப்பல் இரண்டும் இடமின்றி ஈற்றின் மேலேறி நிற்கும். சிரிக்கும்போது தாவணித் தலைப்பு வாய்க்குப் போய்விடும். பரிசோதித்த மருத்துவர், நான்கு பல்லை எடுத்துவிட்டுத்தான் கம்பி போட முடியும் என்றார். என் தாயார் எழுந்து நின்றுவிட்டார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எங்கள் தெருவின் மருத்துவ நூல். கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு, பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு என்று படம் வரைந்து காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல பல்லை எதற்கடா பிடுங்க வேண்டும் என்று கேட்டார். கண்ணைப் பற்றிய அச்சத்துக்கு விடை என்னிடம் இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை. விடை தேடித்தான் நூலகத்துக்குப் போனேன், ஆங்கிளைக் கண்டேன். என் தாயாரும் அவரும் ஒரே கட்சி!

முக அழகு என்று ஆங்கிள் எதைக் கருதினார் என்பதும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. பழைய அப்பல்லோ சிலையின் முகமே அவருக்கு நெடுநாள் இலட்சிய முகம். வூர்ப்பல் என்னும் ஓவியப் பேராசிரியரை அணுகி, அழகிய முகத்துக்கு ஒரு விதி சொல்லுங்கள் என்று கேட்டார். அப்படி ஒரே விதி கிடையாது, ஒவ்வொரு முகத்துக்கும் அதற்கேற்ற இசைவு உண்டு என்று அவர் விளக்கினார். ஆங்கிள் அந்த ஓவியரையே தம் பள்ளியில் பாடம் சொல்ல வைத்துக்கொண்டார். ஆனால் பாடத்தை முழுதும் ஏற்றாரா என்பது ஐயமே. வெள்ளையர் முகத்தை அளந்து கண்ட அளவுகளை உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாக்கியதன் பிழை பின்னாளில் தெரியவந்தது. நம் மக்களுக்கு இயல்பாகவே பற்களும் உதடும் சற்று முன்னே வந்திருக்கும். அது நோயன்று, அமைப்பு.

1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், தம் 75ஆவது வயதில் ஆங்கிள் மறைந்தார். அவருடைய கருவி பிழைத்தது, கொள்கை பிழைக்கவில்லை. கொள்கையை வீழ்த்தியவர் பகைவர் அல்லர், பேரன்பு கொண்ட மாணவர். அரிசோனாவைச் சேர்ந்த சார்லஸ் ட்வீட், ஆசிரியர் சொன்னபடியே ஒரு பல்லையும் எடுக்காமல் மருத்துவம் செய்துவந்தார். சில ஆண்டுகள் கழித்துத் தம் நோயாளிகளை மறுபடி அழைத்துப் பார்த்தார். நிமிர்த்திய பற்கள் பலருக்கு மீண்டும் கோணின; சிலருக்கு வாய் முன்னே தள்ளி முகமே மாறியிருந்தது. தவறியவர்களைத் தேர்ந்து, முன்கடைவாய்ப்பற்கள் நான்கை எடுத்து, கட்டணமின்றி மறுபடி மருத்துவம் செய்தார். 1940இல் அவ்வாறு செய்த நூறு பேரின் முன்னும் பின்னுமான சான்றுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். பயன்படுத்திய கருவியோ ஆசிரியரின் அதே செவ்வகக் கம்பி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆங்கிளிடம் பயின்ற ரேமண்ட் பெக்கும் அடிலெய்டில் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார். இப்போது எல்லாருக்கும் எடுப்பதுமில்லை, எவருக்கும் எடுக்காமலிருப்பதுமில்லை. அளந்து பார்த்து ஆளுக்கேற்ப முடிவு செய்கிறார்கள். இதைச் சொன்ன பிறகே என் தாயார் இணங்கினார்.

ஆங்கிளுக்குப் பின் மாறியது பெரும்பாலும் பொருள்தான். 1930களுக்குப் பின் தங்கத்தின் இடத்தைத் துருப்பிடிக்காத எஃகு பிடித்தது. அவர் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை போட வேண்டியிருந்தது. 1955இல் புவோனோகோர் என்பவர், பாஸ்பாரிக் அமிலத்தால் பல்லின் எனாமலைச் சற்றே அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று கண்டார். அதனால் பிடிப்பானை நேரே பல்லில் ஒட்ட முடிந்தது. 1970களின் தொடக்கத்தில் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ், கம்பியில் போட்டுவந்த வளைவுகளைப் பிடிப்பானிலேயே அமைத்துவிட்டார். அதே காலத்தில் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வந்தது. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவுக்கு மெல்லத் திரும்பும், நெடுநேரம் ஒரே சீராக விசை தரும் கம்பி. என் தங்கைக்கு மாட்டியபோது வெட்டி எறிந்த துண்டொன்றைக் கேட்டு வாங்கி வந்து என் தந்தையாரிடம் கொடுத்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கம்பியோடு வாழ்ந்தவர். குறட்டால் பிடித்து வளைத்தார், நிமிர்ந்தது. மறுபடி வளைத்தார், நிமிர்ந்தது. நெருப்பில் காட்டலாமா என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அன்று மாலை முழுவதும் அதை வைத்துக்கொண்டிருந்தார்.

இன்று கிடைக்கும் வகைகளையும் கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எஃகுப் பிடிப்பான் போட்ட சாதாரணக் கம்பியே விலை குறைந்தது, எல்லா வகைக் கோணலுக்கும் ஏற்றது. பல்லின் நிறத்தில் வரும் பீங்கான் பிடிப்பான் கண்ணுக்குத் தெரியாது, எளிதில் உடையும். கம்பியைக் கட்டாமல், சிறு கதவால் தானே மூடிக்கொள்ளும் பிடிப்பானும் உண்டு. நாக்குப் பக்கமாக ஒட்டும் கம்பி வெளியே சிறிதும் தெரியாது. பேச்சுக் குழறும், செலவும் மிகுதி. சிறு கோணலுக்குக் கழற்றி மாட்டும் கிளிப் போதும். அது பல்லைச் சாய்க்க மட்டுமே வல்லது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த ஒளிபுகும் உறைகள் வேறு விதம். படிப்படியாக மாறும் வடிவில் பல உறைகள் செய்து, ஒவ்வொன்றையும் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்து மாற்றிக்கொண்டே போவது. ஓர் உறை பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்தும்; சோம்பேறிகளுக்கு ஏற்றதன்று. எதைப் போட்டாலும் கம்பி எடுத்த பின் நிலைநிறுத்தும் கருவியைச் சொன்ன காலம் வரை அணிய வேண்டும். ஈற்றிலுள்ள நார்கள் பழைய இடத்தை மறக்க ஓராண்டு வரை ஆகிறது.

என் தங்கைக்குக் கம்பி போட்டுப் பத்து மாதங்கள் ஆகின்றன. இடப்பக்கக் கோரைப்பல் வரிசைக்கு வந்துவிட்டது. வலப்பக்கம் இன்னும் பாதி வழியில் இருக்கிறது. அவள் பல்லில் ஒட்டியிருக்கும் பிடிப்பானின் காடி என்ன அளவு என்று மருத்துவரிடம் கேட்டேன். 0.022 அங்குலம் என்றார்.

ஆங்கிள் மறைந்த மறு ஆண்டு, 1931இல், அவர் மாணவர்கள் அவர் பெயரால் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்கள். அது இன்றும் வெளிவருகிறது. பல் எடுத்துச் செய்யும் மருத்துவத்தைப் பற்றிய கட்டுரைகளையும் அது வெளியிட்டு வருகிறது.